கலர் கலராக, உள்ளே பிஸ்கட் வைத்த பேஸ்ட்ரி: நிறமும் மொறுமொறுப்பும் கெடாமல் வீட்டில் சுடுவது எப்படி?

யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்காக, கலர் கலரான மாவுக்குள் கிறீம் பிஸ்கட் வைத்துப் பேஸ்ட்ரி சுட அவருக்கு விருப்பம். வீட்டில் இருப்பது சின்ன மின்சார அவண். முட்டை சேர்க்கக் கூடாது. போன முறை கப்கேக்குக்குள் பிஸ்கட் வைத்துச் செய்து பார்த்தாராம். ரோஸ் நிறம் மண் நிறமாகிவிட்டது, நீலம் பச்சையாகிவிட்டது, உள்ளே வைத்த பிஸ்கட் அடுத்த நாள் இளகிப்போய்க் கிடந்தது. எங்கே பிழைத்தது, எப்படிச் செய்தால் சரிவரும் என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லை. பிஸ்கட்டைக் கேக் கலவைக்குள் வைத்ததில்தான் சிக்கலே. கடையில் வாங்கும் பிஸ்கட்டில் ஈரம் நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான் இருக்கும். வெந்த கேக்கில் இருபதுக்கு மேல். இரண்டையும் ஒட்டவைத்து மூடினால் கேக்கின் ஈரம் பிஸ்கட்டுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். எவ்வளவு நல்ல பிஸ்கட் என்றாலும் ஓர் இரவுக்குள் நமுத்துவிடும். பணிஸ் மாவுக்குள் வைத்தாலும் இதே கதைதான், அங்கே பிஸ்கட் களியாகவே போய்விடும். கடையில் உறையவைத்து விற்கும் பஃப் பேஸ்ட்ரிக்குள் வைத்தால் மொறுமொறுப்பு ஓரளவு நிற்கும். ஆனால் அதில் விரும்பிய நிறம் சேர்க்க முடியாது, எங்கள் ஊர்ச் சூட்டுக்கு அது கையில் எடுத்த கொஞ்ச நேரத்திலேயே தொய்ந்தும் விடும்.

ஆகவே என் பதில் இதுதான். ஈரம் குறைந்த பட்டர் மாவில் செய்யுங்கள். ஷோர்ட்பிரெட் என்று சொல்வோமே, அந்த வகை. வெந்த பிறகு அந்த மாவிலும் ஈரம் குறைவு, உள்ளே இருக்கும் பிஸ்கட்டிலும் குறைவு. ஒன்று மற்றதைக் கெடுக்காது. அதோடு, இந்த மாவைக் குறைந்த சூட்டில் சுடலாம் என்பதால் நிறமும் தப்பும். நீங்கள் கேட்ட இரண்டு குறைக்கும் மருந்து இந்த ஒரே மாற்றத்தில் இருக்கிறது.

முட்டை வேண்டாம் என்றது நல்ல முடிவு. கேதாரகௌரி விரதம் 21 நாள் பிடித்து ஐப்பசி அமாவாசையோடு முடியும். அது முடிந்த கையோடு கந்தசஷ்டி தொடங்கிவிடும். தீபாவளிக்கு ஆட்டிறைச்சிக் கறி வைக்கிற வீட்டிலும் யாராவது ஒருவர் விரதத்தில் இருப்பார். பேணியில் மிஞ்சி இருப்பதை அவரும் எடுத்துச் சாப்பிடலாம் என்றால் முட்டை இல்லாமல் இருப்பதுதான் வசதி. நிறத்துக்கும் அதுவே நல்லது. மஞ்சள் கரு எந்த நிறத்தோடு சேர்ந்தாலும் அதைத் திரிக்கும், முட்டையின் புரதம் மேல்பக்கத்தைச் சீக்கிரம் பழுப்பாக்கும்.

இனி அளவுகள். பெரிய பேஸ்ட்ரி பதினைந்து அளவில் வரும். கோதுமை மா 300 கிராம், சோள மா 40 கிராம், ஐசிங் சீனி 100 கிராம், உப்பில்லாத பட்டர் 200 கிராம், வனிலா ஒரு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, குளிர்ந்த தண்ணீர் இரண்டு மேசைக்கரண்டி வரை. உப்புப் பட்டர்தான் கிடைத்தது என்றால் சிட்டிகை உப்பை விட்டுவிடுங்கள். உள்ளே வைக்கக் கிறீம் பிஸ்கட் பதினைந்து. பேக்கிங் பவுடர் தேவையில்லை. போட்டால் மா பொங்கி மேலே வெடிக்கும், நிறக் கோடுகள் பிரிந்துபோகும்.

பால்மா, ரின்பால் இரண்டையும் இந்த மாவில் சேர்க்காதீர்கள். ருசி கூடும் என்று பலர் சேர்க்கிறார்கள், கூடத்தான் செய்யும். ஆனால் பாலில் சீனிச்சத்தும் புரதமும் சேர்ந்தே இருக்கின்றன. அவை இரண்டும் சூட்டில் கலக்கும்போதுதான் பழுப்பு நிறம் வருகிறது. 140 பாகை செல்சியஸுக்கு மேல் அது வேகம் பிடிக்கும். 160 பாகையளவில் சீனி தனியாகவே கருகத் தொடங்கும். உங்கள் கப்கேக்கை 180 பாகையில் சுட்டிருப்பீர்கள், கேக்குக்கு அது சரியான சூடு. ஆனால் ரோஸ், நீலம், ஊதா போன்ற மென்மையான நிறங்களுக்கு அந்தச் சூடு ஆகாது.

நீலம் பச்சையானதற்குக் காரணம் வேறு. பட்டரே மஞ்சள். மாஜரின் அதைவிட மஞ்சள், அதற்கு நிறமே சேர்த்துத்தான் விற்கிறார்கள். மஞ்சளில் நீலம் விழுந்தால் பச்சை, ரோஸ் விழுந்தால் தோடம்பழ நிறம். இதற்கு மூன்று வழி இருக்கிறது. முதலாவது, பட்டரையும் ஐசிங் சீனியையும் நன்றாக வெளுக்கும் வரை அடிப்பது. மின்சார அடிப்பானால் ஏழெட்டு நிமிடம் அடித்தால் காற்று ஏறி, மஞ்சள் மங்கி, கிட்டத்தட்ட வெள்ளையாகும். இரண்டாவது, அந்த வெளுத்த பட்டரில் ஊதா ஜெல் கலரைப் பல்லுக்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டுச் சேர்ப்பது. ஊதாவும் மஞ்சளும் ஒன்றையொன்று அடக்கும். அதிகம் போனால் சாம்பல் நிறம் வந்துவிடும், அதனால் நுனியளவுதான். மூன்றாவது, நீல நிறத்துக்கு எடுக்கும் பங்கில் மட்டும் பட்டரில் பாதியைக் குறைத்து, வெள்ளையான மரக்கறிக் கொழுப்பைச் சேர்ப்பது. ருசி கொஞ்சம் குறையும், நிறம் தெளிவாக வரும். எனக்குப் பிடித்தது முதல் இரண்டும் சேர்ந்த வழி. பட்டரின் ருசியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

நிறத்தை எப்போது சேர்ப்பது என்பதில்தான் அனேகமானவர்கள் தடுமாறுகிறார்கள். மாவைப் பிசைந்து முடித்துவிட்டு, அதைப் பங்கு பிரித்து, பிறகு கலர் ஊற்றிப் பிசைவார்கள். நிறம் சீராகப் பரவ நிறையப் பிசைய வேண்டும். பிசையப் பிசையக் கோதுமை மாவில் இழுவை ஏறும். சுட்ட பிறகு பேஸ்ட்ரி சுருங்கி, பல்லுக்குக் கடினமாக இருக்கும். அதனால் மா விழுவதற்கு முன்பே, பட்டரும் சீனியும் அடித்த கட்டத்திலேயே பங்கு பிரித்துவிடுங்கள். வனிலாவையும் உப்பையும் அந்தக் கலவையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். மேலே சொன்ன அளவுக்குப் பட்டர்க் கலவை 300 கிராம் வரும். நான்கு கோப்பையில் 75 கிராம் படி எடுத்து, மூன்றில் ஆளுக்கொரு நிறத்தைச் சேர்த்து அடியுங்கள், நான்காவதை நிறமில்லாமல் விடுங்கள். கோதுமை மாவையும் சோள மாவையும் ஒன்றாக அரிதட்டில் அரித்து, ஒவ்வொரு கோப்பைக்கும் 85 கிராம் போடுங்கள். கரண்டியால் கிளறி, கடைசியில் விரல் நுனியால் கூட்டி எடுத்தால் போதும். கூடாமல் உதிர்ந்தால் மட்டும் தண்ணீரை அரைத் தேக்கரண்டி அரைத் தேக்கரண்டியாகத் தெளியுங்கள். நிறத்தைப் பட்டரில் பார்க்கும்போது தேவைக்கு மேலே அடர்த்தியாகத் தெரியும். பயப்பட வேண்டாம், மா விழுந்ததும் பாதியாக வெளுக்கும். ஓர் இரவு ஃபிரிட்ஜில் இருந்தால் திரும்பக் கொஞ்சம் அடர்த்தியாகும்.

கலர் வாங்கும்போது தண்ணீராக ஓடும் கலரை விட்டு ஜெல் கலரை வாங்குங்கள். தண்ணீர்க் கலரில் நல்ல நிறம் வர நிறைய ஊற்ற வேண்டும். ஊற்றும் ஒவ்வொரு துளியும் மாவில் ஈரம்தான். நாங்கள் தவிர்க்கப் பார்ப்பதும் அதைத்தானே. யாழ். நகரில் கேக் சாமான் விற்கும் கடைகளில் ஜெல் கலர் சின்னச் சின்னப் போத்தலில் கிடைக்கிறது. எப்போதும் லேபிள் உள்ளதை மட்டும் வாங்குங்கள். நிறுத்துக் கட்டி விற்கும், பெயர் இல்லாத தூள் கலரை பிள்ளைகள் சாப்பிடும் பண்டத்தில் போடவே கூடாது, என்ன விலை மலிவு என்றாலும் சரி.

லேபிளில் ஆங்கில E எழுத்தோடு போட்டிருக்கும் சேர்மான இலக்கங்களில் பார்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன், இதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது முக்கியம். டார்ட்ராசின் ஈ102, குயினோலின் மஞ்சள் ஈ104, சன்செற் மஞ்சள் ஈ110, கார்மொய்சின் ஈ122, பொன்சோ ஈ124, அலூரா சிவப்பு ஈ129. இந்த ஆறில் எது சேர்ந்திருந்தாலும், பிள்ளைகளின் கவனத்தையும் துடினத்தையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை உணவுப் பொதியில் அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் சட்டம் இருக்கிறது. 2007 இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுக்குப் பிறகு வந்த சட்டம் அது. வெள்ளை ஜெல் கலரில் இருக்கும் டைட்டேனியம் டையொக்சைட், அதாவது ஈ171, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 இல் உணவில் தடை செய்யப்பட்டது. அமெரிக்கா 2025 ஜனவரியில் எரித்ரோசின் என்ற சிவப்புக்கு, ஈ127 க்கு, கொடுத்த அனுமதியை விலக்கிக்கொண்டது. பண்டிகைக்கு ஒரு பேஸ்ட்ரி சாப்பிடுவதால் பிள்ளைக்கு ஏதாவது நடந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நாங்கள் சுடும் வீட்டுப் பண்டத்தில் இளநிறம் போதும், கண்ணைக் குத்தும் சிவப்பு தேவையில்லை என்பதே என் கருத்து.

சைவ வீடு என்றால் இன்னும் மூன்றைப் பாருங்கள். ஈ120 என்றால் கார்மின், ஒரு வகைப் பூச்சியில் இருந்து எடுக்கும் சிவப்பு. ஈ904 என்றால் ஷெல்லாக், அரக்குப் பூச்சியின் பிசின். மேலே தூவும் மினுமினு உருண்டைகளுக்குப் பளபளப்புக் கொடுப்பது அனேகமாக அதுதான். ஜெலற்றின் மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. மார்ஷ்மலோவிலும் சில ஜெலி வகைகளிலும் இருக்கும். விரதகாரருக்கு முட்டை இல்லை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு மேலே இவற்றைத் தூவினால் சரியில்லையே.

"இயற்கை நிறம் போட்டால் என்ன?" என்று எல்லோரும் கேட்பார்கள். போடலாம், ஆனால் எதை எங்கே போடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். மஞ்சள் தூள் சூட்டுக்கு அசையாது. 75 கிராம் பட்டர்க் கலவைக்குக் கால் தேக்கரண்டியிலும் குறைவாகப் போட்டால் வாசமும் தூக்காது, நல்ல இளமஞ்சள் வரும். அப்பச்சோடா மட்டும் பக்கத்தில் வரக் கூடாது. மஞ்சளில் சோடா பட்டால் செங்கல் நிறமாகும். பீற்றூட் எதிர்மாறு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிய நல்ல பீற்றூட்டைத் துருவிப் பிழிந்து மாவில் சேர்த்தால், பச்சை மாவாக இருக்கும்போது பார்க்க அவ்வளவு அழகு. அவணில் போய் இருபது நிமிடத்தில் மங்கிய மண் நிறம். பீற்றூட்டின் சிவப்புச் சத்து சூட்டில் உடைந்துவிடும். அதனால் பீற்றூட்டைச் சுட்ட பிறகு மேலே பூசும் ஐசிங்கிற்கு வைத்துக்கொள்ளுங்கள். நீலச் சங்குப்பூவும் ஐசிங்கிற்குத்தான். வேலியில் படர்ந்திருக்கும் பூவில் பத்துப் பன்னிரண்டைக் காய்ந்த பின் கொதிதண்ணீரில் ஊறவைத்தால் கடும் நீலம் இறங்கும். அதில் தேசிக்காய்ப் புளி ஒரு துளி விட்டால் ஊதாவாகும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் துள்ளிக் குதிப்பார்கள். கீரையின் பச்சையும் ரம்பையின் பச்சையும் சூட்டில் மங்கிய ஒலிவ் நிறத்துக்குப் போகும், அதை மாவில் நம்ப வேண்டாம். ரம்பையை வாசத்துக்கு வேண்டுமானால் பட்டரில் காய்ச்சிச் சேர்க்கலாம். கபில நிறத்துக்குக் கொக்கோ இருக்கவே இருக்கிறது. ஒரு பங்கில் 85 கிராம் மாவுக்குப் பதிலாக 73 கிராம் மாவும் 12 கிராம் கொக்கோவும் போடுங்கள்.

உள்ளே வைக்க எந்தப் பிஸ்கட்? வட்டமான சொக்லேட் கிறீம் பிஸ்கட் எதுவும் சரி. ஓரியோ கிடைத்தால் ஓரியோ, இல்லாவிட்டால் எங்கள் நாட்டு மஞ்சி, மலிபன் கிறீம் பிஸ்கட் நன்றாகவே வரும். கறுப்புப் பிஸ்கட்டுக்கு ஒரு நன்மை, பேஸ்ட்ரியை வெட்டும்போது நிற மாவின் நடுவில் எடுப்பாகத் தெரியும். லெமன் பஃப் ருசிதான், ஆனால் அது அடுக்கடுக்காக இருப்பதால் மாவின் ஈரத்தை முதலில் இழுத்துக்கொள்ளும். இஞ்சி பிஸ்கட் நெருக்கமானது, கடைசி வரை மொறுமொறுவென்று நிற்கும். கிறீம் இல்லாத பிஸ்கட்டில் செய்ய விரும்பினால் ஓர் அருமையான வழி இருக்கிறது. வறுத்த பயத்தம் மாவில் ஐசிங் சீனியும் ஏலக்காயும் போட்டு, உருக்கிய நெய்யில் இறுகப் பிசைந்து, இரண்டு சின்ன மாரி பிஸ்கட்டுக்கு நடுவில் அமத்தி வையுங்கள். பயத்தம் உருண்டையின் ருசி அப்படியே உள்ளே இருக்கும். நெய்யும் மாவும் தானே, பிஸ்கட்டை இளக்காது. பனங்கட்டிப் பூரணம் வைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. பனங்கட்டி காற்றில் இருக்கும் ஈரத்தையே இழுக்கும், மூடிய மாவுக்குள் பாகாக ஓடும். வேண்டாம்.

பிஸ்கட்டை அப்படியே வைக்கலாம். ஆனால் நான்கைந்து நாள் மொறுமொறுப்பு நிற்க வேண்டும் என்றால், உருக்கிய சொக்லேட்டை இரண்டு பக்கமும் தூரிகையால் மெல்லிசாகப் பூசி, ஃபிரிட்ஜில் இறுகவைத்த பிறகு உள்ளே வையுங்கள். பச்சை மாவில் இருக்கும் ஈரம் பிஸ்கட்டுக்குள் இறங்காமல் அந்தக் கொழுப்புப் படை தடுக்கும். கொக்கோ பட்டருக்குப் பதிலாக மரக்கறிக் கொழுப்பில் செய்த கொம்பவுண்ட் சொக்லேட் போதும், எங்கள் சூட்டுக்கு அதுதான் கையாளவும் லேசு.

இப்போது மாவைச் சேர்க்கும் வேலை. இதில் அவசரப்படக் கூடாது. யாழ்ப்பாணத்து மத்தியானத்தில் குசினியில் 30 பாகைக்கு மேல் போகும், பட்டர் 32, 33 பாகையில் உருகிவிடும். விடியப்புறம் அல்லது இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு இந்த வேலையை வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பங்கு மாவையும் தனித்தனியாக ஒயில் பேப்பரில் சுற்றி அரை மணித்தியாலம் ஃபிரிட்ஜில் வையுங்கள். எடுத்து ஒவ்வொன்றையும் விரல் தடிப்பில் கயிறாக உருட்டுங்கள். நான்கு கயிற்றையும் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டு முனையையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். திருகிய கயிற்றை நத்தைச் சுருளாகச் சுற்றி, உள்ளங்கையால் ஒருமுறை அமத்துங்கள். ஒரே ஒருமுறைதான். பிறகு இரண்டு ஒயில் பேப்பருக்கு நடுவில் வைத்து உருளைக்கட்டையால் 4, 5 மில்லிமீற்றர் தடிப்புக்கு உருட்டினால், மேல் பேப்பரை உரிக்கும்போது நிறங்கள் சுழி சுழியாக ஓடியிருக்கும். இரண்டு தகடுகள் ஒரே மாதிரி வராது, அதுதான் இதன் அழகு. தூவுமா போடாதீர்கள், வெள்ளை வெள்ளையாகத் திட்டுத் தெரியும்.

உருட்டிய தகட்டைப் பேப்பரோடு திரும்பப் பத்து நிமிடம் குளிரவைத்து, 7 சென்ரிமீற்றர் வாய் உள்ள தம்ளரால் வட்டமாக வெட்டுங்கள். மிஞ்சும் ஓரங்களைக் கூட்டி உருட்டினால் நிறம் கலங்கித்தான் வரும். அந்த வட்டங்களை அடிப்பக்கத்துக்குப் போடுங்கள், மேல்பக்கத்துக்கு முதல் வெட்டு. அடி வட்டத்தின் நடுவில் பிஸ்கட்டை வைத்து, ஓரத்தைத் தண்ணீர் தொட்ட விரலால் லேசாக ஈரமாக்கி, மேல் வட்டத்தைப் போர்த்துங்கள். நடுவில் இருந்து ஓரத்துக்குத் தடவி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகே ஓரத்தை அமத்த வேண்டும். காற்று உள்ளே மாட்டினால் சூட்டில் விரிந்து மேல்பக்கத்தை வெடிக்கவைக்கும். அடிப்பக்கத்தில் பல்லுக்குத்தும் குச்சியால் ஒரு துளை போட்டுவிட்டால் இன்னும் நல்லது. ஓரத்தை முள்ளுக்கரண்டியால் அமத்தாமல் விரலாலேயே உருட்டி மூடுங்கள், முள்ளுக்கரண்டி பட்ட மெல்லிய ஓரம்தான் முதலில் கருகும்.

செய்து அடுக்கியதைச் சுடுவதற்கு முன் அரை மணித்தியாலம் ஃபிரிட்ஜில் வையுங்கள், பிறீசர் என்றால் 15 நிமிடம். இந்தப் படியை விட்டால் பட்டர் உருகி ஓடி, பேஸ்ட்ரி அப்பளமாகப் பரவும். அந்த நேரத்தில் அவணைச் சூடாக்கலாம்.

சின்ன அவணில் இரண்டு விஷயம். சூட்டுக் குமிழில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், 150 என்று வைத்தால் உள்ளே 175 இருக்கும் அவண்களும் உண்டு. உள்ளே வைக்கும் அவண் வெப்பமானி ஒன்று வாங்குங்கள், பெரிய விலை இல்லை, கேக்குக்கும் உதவும். மற்றது, மேல் கம்பி பேஸ்ட்ரிக்கு மிகக் கிட்ட இருக்கும். கீழ்க் கம்பியை மட்டும் எரியவைக்கும் வசதி இருந்தால் அதைப் பாவியுங்கள். இல்லாவிட்டால் பத்தாவது நிமிடத்தில் ஈயத்தாளைக் கூடாரம் போலத் தொடாமல் மேலே போர்த்துங்கள். உள்ளே 155 பாகை, நடுத்தட்டு, 20 முதல் 24 நிமிடம். காற்றாடி உள்ள அவண் என்றால் 140 பாகை போதும்.

வெந்துவிட்டதா என்று மேல்பக்கத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் மேல்பக்கம் சிவக்கவே கூடாது. பச்சை மாவில் ஒரு ஈர மினுக்கம் இருக்கும், வெந்ததும் அது போய் மங்கலாகும். ஒன்றைத் தட்டகப்பையால் மெதுவாகத் தூக்கி அடியைப் பாருங்கள். விளிம்பில் நூல் அளவுக்குப் பொன்னிறம் ஓடியிருந்தால் எடுத்துவிடலாம். சூடாக இருக்கும்போது தொட்டால் உடையும். பத்து நிமிடம் தட்டிலேயே விட்டு, பிறகு கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். உள்ளே இருக்கும் கிறீம் சூட்டில் இளகியிருக்கும், ஆறியதும் பழையபடி இறுகிவிடும்.

இடையில் கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் கடந்திருந்தால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே கொஞ்ச நேரத்தில் வெந்து முடியும். 2022 இல் நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய நாட்களைக் கண்டவர்கள் நாங்கள். அதற்கு முன், தொண்ணூறுகளில், கரண்டே இல்லாத யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மாமார் கீழே அடுப்பும் மேலே மூடியில் சிரட்டைத் தணலுமாகக் கேக் சுட்டு எடுத்தார்கள். அவண் இல்லாத வீட்டில் இன்றைக்கும் அந்த முறை செல்லும். தடித்த அலுமினியப் பானையில் ஒரு அங்குலத்துக்கு மணல் போட்டு, அதன்மேல் வளையம் வைத்து, மூடிப் பதினைந்து நிமிடம் நடுத்தரச் சூட்டில் காயவிடுங்கள். பேஸ்ட்ரித் தட்டுக்குக் கீழே இன்னொரு தட்டு வையுங்கள், இல்லாவிட்டால் அடி கருகும். காஸ் அடுப்பில், தணல் இல்லாமல், 30 நிமிடம் அளவில் வேகும். மேலே தணல் இல்லாததால் நிறம் அவணில் வருவதைவிட நன்றாகவே நிற்கும்.

மேல் அலங்காரத்துக்கு முட்டை வெள்ளைக்கரு ஐசிங் தேவையில்லை. ஐசிங் சீனி 100 கிராமில் தேசிக்காய்ப் புளியைத் தேக்கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்தால், நாடா மாதிரி விழும் பதம் வரும். பீற்றூட் சாறு, சங்குப்பூத் தண்ணீர் சேர்க்கிறீர்கள் என்றால் அந்த அளவுக்குப் புளியைக் குறையுங்கள். பேஸ்ட்ரி முழுதாக ஆறிய பிறகு மெல்லிய கோடாக இழுங்கள், தடித்துப் பூசினால் அந்த ஈரமும் உள்ளே போகும். கோடு காய்ந்து தொட்டால் ஒட்டாத வரை பேணியில் அடுக்காதீர்கள். என்னைக் கேட்டால், மாவில் சுழி நன்றாக விழுந்திருந்தால் ஐசிங்கே வேண்டாம்.

நிறங்களை நாளுக்கு ஏற்ற மாதிரி எடுங்கள். தீபாவளிக்கு ரோஸ், மஞ்சள், ஊதா. கிறிஸ்மஸுக்குச் சிவப்பு, பச்சை, நிறம் போடாத வெள்ளை. மூன்று நிறத்துக்கு மேல் போனால் சுழி கலங்கும், நான்காவது பங்கை நிறமில்லாமல் விடுவதுதான் மற்ற மூன்றையும் தூக்கிக் காட்டும். படையலுக்கு வைக்கும் மோதகம், அவல், கடலையின் இடத்துக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம். இது விருந்தாடி வரும் பிள்ளைகளின் கைக்கு.

வைத்திருப்பதில் கவனம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை எங்களுக்கு மாரி. காற்றிலேயே ஈரம் நிற்கும். ஆறிய உடனே, அன்றைக்கே, காற்றுப் புகாத பேணியில் ஒயில் பேப்பர் இடையிட்டு அடுக்குங்கள். முறுக்கு, அரியதரத்தோடு ஒரே பேணியில் போடாதீர்கள், எண்ணெய் வாசம் ஏறும், அரியதரத்தின் ஈரமும் சேரும். வெயில் படும் கண்ணாடிப் போத்தலும் வேண்டாம், மஞ்சளும் ரோஸும் வெளிச்சத்தில் வெளுக்கும். இப்படி வைத்தால் ஒரு கிழமை வரை நன்றாக இருக்கும். சொக்லேட் பூசிய பிஸ்கட் என்றால் அந்த ஒரு கிழமையும் கடிக்கும்போது சத்தம் கேட்கும்.

ஒரேயடியாக இரண்டு மடங்கு மா பிசைவது நல்லது. தீபாவளிக்குப் பாதியைச் சுட்டுவிட்டு, மற்றப் பாதியைச் சுடாத பேஸ்ட்ரியாகவே தட்டில் உறையவைத்து, இறுகியதும் பையில் கட்டி பிறீசரில் போட்டுவிடுங்கள். கிறிஸ்மஸுக்கு எடுத்து, உருகவிடாமல், உறைந்தபடியே 155 பாகை அவணில் வைத்து நான்கு நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள். உருகவிட்டால் மேலே தண்ணீர் முத்து முத்தாகப் படிந்து நிறம் திட்டுத் திட்டாகும்.